டன்மோரின் கடைசிக் கதவு

ஹார்லன், டென்னசி
14 டிசம்பர் 2001

அக்கா,

வெண்டெல் எழுதறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். கிழிச்சுப் போடறதா இருந்தா முழுசா படிச்சிட்டுக் கிழி.

நேத்து சாயங்காலம் டிவியில சொன்னாங்க, டன்மோர் காரை நிறுத்தப் போறாங்களாம். ட்ரூடி அடுப்படியிலிருந்து கரண்டியோட ஓடி வந்தா. கோட்டு போட்ட கம்பெனி ஆள் ஒருத்தர், "மக்களோட ரசனை மாறிடுச்சு"ன்னு சொல்லிட்டுத் தண்ணி குடிச்சார். அப்புறம் நம்ம கிரேட்டன் ஃபாக்டரி கேட்டைக் காட்டினாங்க. சிவப்புக் குல்லா போட்ட ஒருத்தி கேமராவைக் கையால தள்ளிவிட்டுட்டு விறுவிறுன்னு போனா. அது நீதானே? நடையே சொல்லுச்சு.

தொண்ணூறு வருஷத்துப் பேரு. தாத்தா அதுக்குப் பெயிண்ட் அடிச்சார். அப்பா ரிட்டயர் ஆகிற வரைக்கும் கதவு மாட்டினார். நானும் ஒன்பது வருஷம் உன் பக்கத்துல நின்னு மாட்டினவன்தான். ராத்திரி சாப்பாடு இறங்கல எனக்கு.

அப்பாவைப் புதைச்ச அன்னிக்கு நடந்ததைப் பத்திப் பேச நான் வரல. எழுத வந்தது வேற விஷயம். இங்க எங்க ஃபாக்டரியில ஆள் எடுக்கறாங்க. உன் அனுபவத்துக்கு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வீடும் பார்த்துக்கலாம். தப்பா எடுத்துக்காத. யோசிச்சுப் பாரு.

தம்பி வெண்டெல்

கிரேட்டன், மிச்சிகன்
6 ஜனவரி 2002

டேய் வெண்டெல்,

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நாலு வருஷமா அக்கா இருக்காளா செத்தாளான்னு கேக்காதவன், எழவு சேதி வந்ததும் ஓடி வந்துட்டான், கையில வேலையை வேற தூக்கிக்கிட்டு! ஜப்பான்காரன் ஃபாக்டரியில, யூனியன் இல்லாத இடத்துல, நான் வந்து கை கட்டி நிக்கணுமா? அப்பா புதைகுழியில புரண்டு படுப்பார்டா.

நீ பேச வரலன்னாலும் நான் பேசுவேன். யூனியன் ஹால் வாசல்ல என்ன போர்டு இருக்கு? "வெளிநாட்டு கார் இங்கே நிறுத்தக் கூடாது. மீறினால் இழுத்துச் செல்லப்படும்." அந்தக் கம்பத்தை நட்டதே அப்பாதான். அவரைப் புதைச்சிட்டு எல்லாரும் சாப்பிட வர்ற நேரத்துல, அந்தக் கம்பத்துக்கு அடியிலயே உன் ஜப்பான் காரைக் கொண்டு வந்து நிறுத்தின பாரு! எடுடான்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். இன்னிக்கும் அதைத்தான் சொல்வேன்.

டிவியில வந்தது நான்தான். அன்னிக்குத்தான் எங்களைக் கூட்டி வெச்சு, டன்மோர் 2003 ஏப்ரலோட சரின்னாங்க. அன்னிக்கேதான் கிறிஸ்மஸுக்குக் கொடுக்கிற பன்னித் தொடையும் கொடுத்தாங்க! ஒரு கையில எழவோலை, இன்னொரு கையில தொடைக்கறி. நம்ம லைன் கேலார்ட் கோபத்துல அதை மேனேஜர் கார் மேல வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டான். காலையில வந்து அவனே எடுத்துக்கிட்டுப் போனான். பொண்டாட்டி துரத்திவிட்டாளாம்.

பேரு போகட்டும். ஃபாக்டரி போகக் கூடாது, அதுதான் என் கவலை. கம்பெனி புதுசா ஒரு பெரிய குடும்ப வண்டி செய்யப் போகுது. அது எங்களுக்கா, ஒஹையோவில இருக்கிற இன்னொரு ஃபாக்டரிக்கான்னு அக்டோபர்ல முடிவு. யார் செய்யற வண்டியில குறை கம்மியோ அவங்களுக்கு. நம்ம லட்சணம் உனக்கே தெரியும். டன்மோர் வாங்கினா காத்து இலவசம்னு ஊரே சிரிக்குது. கதவோரம் காத்து புகுந்து விசிலடிச்சே மானத்தை வாங்குது. இப்போ இவனுங்க வேற, சாகப் போற வண்டிக்கு எதுக்கு மெனக்கெடணும்னு கையை மடக்கிட்டானுங்க. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுடான்னு நானும் தொண்டை கிழிய கத்தறேன். ஒருத்தன் காதுலயும் ஏறல. புது வண்டி வரலைன்னா இந்த ஊர்ல சர்ச்சும் கல்லறையும்தான் மிஞ்சும்.

உன் வேலை எனக்கு வேணாம்.

நோரீன்

ஹார்லன்
20 ஜனவரி 2002

அக்கா,

திட்டினாலும் பதில் போட்டியே, அது போதும். ட்ரூடி உன் கடுதாசியைச் சத்தமா படிச்சா. தொடைக்கறி வந்ததும் விழுந்து விழுந்து சிரிச்சா. கம்பம் வந்ததும் நிறுத்திட்டா.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அன்னிக்கு நான் காரை எடுத்துக்கிட்டுப் போய் ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டு வந்தேன். ப்ரூக்குக்கு அப்போ ஆறு வயசு. அங்கேர்ந்து நடந்து வந்ததுல, தாத்தா சாவுக்குன்னு வாங்கின புது ஷூ பனியில நனைஞ்சு போச்சு. ஹால்ல உருளைக்கிழங்கு சாலட் சாப்பிடும்போது, "நாம என்ன தப்பு பண்ணினோம்ப்பா?"ன்னு கேட்டா. ஷூவைக் கழட்டிக் காலைத் துடைச்சு விட்டேன்.

நான் ஓடிப் போனேன்னு நீ ஊரெல்லாம் சொன்ன. ரெண்டு வருஷத்துல மூணு தடவை வேலை இல்லன்னு என்னை வீட்டுக்கு அனுப்பினது கம்பெனி. உன் சீனியாரிட்டி உன்னைக் காப்பாத்துச்சு. எனக்கு அது இல்ல. சரி விடு.

விசில் விஷயத்துக்கு வர்றேன். இங்க வண்டி நகர்ந்து வர்ற லைன்ல தலைக்கு மேல ஒரு கயிறு ஓடும். வேலையில ஏதாவது சரியில்லன்னா யார் வேணும்னாலும் இழுக்கலாம். இழுத்தா மணி அடிக்கும், லைன் நின்னுடும். முதல் தடவை இழுத்தப்போ வேலை போச்சுன்னே நினைச்சேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "நன்றி"ன்னார். யாருக்குச் சொல்றார்னு நான் பின்னாடி திரும்பிப் பார்த்தேன். எனக்குத்தான் சொல்லியிருக்கார்! குறை எங்க பொறக்குதோ அங்கேயே பிடிக்கணும்ங்கறாங்க. கடைசியில தேடினா அது எங்க பொறந்ததுன்னு யாருக்குத் தெரியும்?

சும்மா சொன்னேன்.

வெண்டெல்

கிரேட்டன்
3 பிப்ரவரி 2002

வெண்டெல்,

கயிறாம் கயிறு! இங்க லைனை நிறுத்தினவன் கதி தெரியாதா உனக்கு? கை மாட்டிக்கிட்டாதான் சிவப்பு பொத்தானை அமுக்கணும். அதையும் எந்தக் கைன்னு கேட்டுட்டுத்தான் அமுக்குவார் நம்ம சூப்பர்வைசர் மில்ட். "வண்டி போகட்டும், பின்னாடி பார்த்துக்கலாம்"னே நாமெல்லாம் வளர்ந்தோம். பின்னாடி எவன் பார்த்தான்? வாங்கினவன்தான் பார்த்தான்.

ப்ரூக் ஷூ நனைஞ்சது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்திருப்பேன். காரை உள்ள விட்டிருக்க மாட்டேன். பிள்ளையைத் தூக்கியிருப்பேன்.

ஜூன்ல யூனியன் தேர்தல். கதவு லைன் சார்பா மறுபடி நிக்கறேன். இந்த நேரத்துல ஜப்பான்காரன் வித்தையை இங்க கொண்டு வந்தா என்னைத் தோலை உரிச்சிடுவானுங்க. அதனால அந்தப் பேச்சை விடு.

நோரீன்

பின்குறிப்பு: அந்தக் கயிறு எவ்வளவு உயரத்துல இருக்கும்? குள்ளமா இருக்கிறவங்களுக்கு எட்டுமா? சும்மாதான் கேக்கறேன்.

ஹார்லன்
11 பிப்ரவரி 2002

அக்கா,

பார்சல் பிரிச்சுப் பார்த்திருப்ப. துணி காயப் போடற கயிறுதான். கடைவீதியில வாங்கினது, ஃபாக்டரியில எடுத்ததில்ல. எங்க செஞ்சதுன்னும் பார்த்துட்டேன், அலபாமா, அமெரிக்கச் சரக்குதான். கேலார்டுகிட்ட காட்டு.

ஒரே ஒரு இடத்துல ஆரம்பி. மில்ட்கிட்ட முன்கூட்டியே பேசிடு. அவருக்கும் இந்த வேலை போனா வேற போக்கிடம் கிடையாது. முதல்ல இழுக்கிற ஆளை மட்டும் திட்டிடாத. என்ன தோணினாலும் வாயை மூடிக்கிட்டு "நன்றி"ன்னு சொல்லணும். மத்ததெல்லாம் சுலபம். உனக்கு இதுதான் கஷ்டம்.

எட்டும். தலைக்கு ஒரு சாண் மேலதான்.

வெண்டெல்

கிரேட்டன்
24 மார்ச் 2002

டேய்,

மாட்டியாச்சு! மூடின பள்ளிக்கூடத்துலேர்ந்து பழைய மணியைக் கொண்டு வந்து உன் கயித்துல கட்டினோம். மணி அடிச்சா மில்ட் பொத்தானை அமுக்கணும். இதுதான் பேச்சு. கேலார்ட் கயித்தைக் கழுத்துல சுத்திக்கிட்டு, "எப்படியும் சாகப் போறோம்னு முன்னாடியே மாட்டி வெச்சுட்டியா நோரீன்?"ன்னான். எல்லாரும் சிரிச்சானுங்க. ஒரு வாரம் ஒருத்தரும் தொடல. கயித்துல சட்டை காயப் போட்டானுங்க, அவ்வளவுதான்.

அப்புறம் இனெஸ் இழுத்தா. வாயே திறக்காதவ, ரப்பர் பட்டை ஒட்டறவ. மணி ஊரையே கூட்டிடுச்சு. லைன் நின்னுடுச்சு. மில்ட் மூஞ்சி வெளுத்துப் போச்சு. எனக்கோ திட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. "ஏண்டி..."ன்னே ஆரம்பிச்சுட்டேன். சட்டுன்னு நீ எழுதினது ஞாபகம் வர, "...நன்றி"ன்னு முடிச்சேன். எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சானுங்க. இனெஸ் மட்டும் சிரிக்கல. "ரப்பர் கல்லு மாதிரி இருக்கு, மூலையில உட்கார மாட்டேங்குது"ன்னா.

ஏன் கல்லு மாதிரி இருக்குன்னு எல்லாருமா கிளம்பிப் போய்ப் பார்த்தோம். ரப்பர் பட்டையெல்லாம் லாரி வர்ற பெரிய கதவுக்குப் பக்கத்துல அடுக்கியிருக்கு. குளிர்காலம் பூரா அந்த வழியா பனிக்காத்து அடிக்குது. விறைச்ச ரப்பரை அழுத்தி ஒட்டினா, வெயில் பட்டதும் விலகிடுது. அவ்வளவுதாண்டா! எத்தனை வருஷத்து விசில்! அடுக்கை பாய்லர் பக்கம் நகர்த்திட்டோம். அது கேலார்ட் உட்கார்ந்து சாப்பிடற இடம். தேசமே பறிபோன மாதிரி புலம்பறான்.

இப்போ தினமும் மணி அடிக்குது. கண்ணாடி, கைப்பிடி, கீல், எல்லாத்துக்கும். நேத்து கேலார்டே இழுத்தான். நான் நன்றி சொன்னதும், "அதெல்லாம் வேணாம், என் சாப்பாட்டு இடத்தைக் கொடு"ன்னான்.

ஆனா ஒண்ணு. யோசனை உன்னோடதுன்னு யாரோ மோப்பம் பிடிச்சுட்டானுங்க. ஹால்ல சுவத்துல சாக்பீஸால என் பேருக்குப் பக்கத்துல "துரோகி"ன்னு எழுதி வெச்சிருக்கானுங்க.

நோரீன்

ஹார்லன்
7 ஏப்ரல் 2002

அக்கா,

மணி கதையை என் கூட வேலை செய்யறவங்ககிட்ட சொன்னேன். இப்போ தினமும் காலையில, "உங்கக்கா மணி அடிச்சாங்களா?"ன்னுதான் கேக்கறாங்க.

உன்னைத் துரோகின்னு எழுதினதைப் படிச்சு எனக்கு மனசே ஆறல. அதனால ஒரு விஷயம் சொல்றேன். அப்பா யார்கிட்டயும் சொல்லாதன்னார், அதுலயும் நோரீன்கிட்ட சொல்லவே சொல்லாதன்னார்.

கடைசியா ஆஸ்பத்திரியிலேர்ந்து அவரை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தது நான்தான். உனக்கு அன்னிக்கு ஷிஃப்ட். என் காரைப் பார்த்ததும், "நடந்தே போறேன்"னார். நிக்கவே முடியல, நடந்து போறாராம்! எப்படியோ ஏத்தி உட்கார வெச்சேன். கதவை மூடினார். அப்புறம் திறந்தார். மறுபடி மூடினார். காதைச் சாய்ச்சுக் கேட்டார். "நல்லா மூடுது"ன்னார். அதனாலதான் அக்கா, அவர் சாவுக்கு அந்தக் காரையே எடுத்துக்கிட்டு வந்தேன். உங்களை அவமானப்படுத்த இல்ல.

வெண்டெல்

கிரேட்டன்
16 ஏப்ரல் 2002

வெண்டெல்,

எனக்குத் தெரியும்டா.

அன்னிக்கு ராத்திரி கஞ்சி ஊட்டும்போது அவரே சொல்லிட்டார். "அவன் வண்டிக் கதவு நல்லா மூடுது நோரீன். வெண்டெல்கிட்ட சொல்லிடாத"ன்னார். எனக்கு நெஞ்சில நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி இருந்துச்சு. காலம் பூரா அவர் பக்கத்துல நின்னு கதவு மாட்டினவ நான். என் கதவை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. அந்தக் காரையே நீ கம்பத்துக்கு அடியில கொண்டு வந்து நிறுத்தினப்போ, வெளிநாட்டு காருன்னு எனக்குக் கோபம் வரல. நல்ல காருன்னுதான் கோபம் வந்துச்சு.

நேத்து ஹால்ல எழுந்து நின்னு சொல்லிட்டேன். "ஆமா, கயிறு என் தம்பி கொடுத்தது. அவனை வெளியே அனுப்பினது நாம, கத்துக்கிட்டு வந்து சொன்னது அவன். கயிறு வேணாம்னா அவுத்துடுங்க. ஆனா நாளைக்கு விசில் கேட்டா என்கிட்ட வராதீங்க"ன்னேன். இன்னிக்குக் காலையில போய்ப் பார்த்தா, சுவத்துல இருந்ததை யாரோ அழிச்சிருக்கானுங்க.

நோரீன்

கிரேட்டன்
18 அக்டோபர் 2002

வெண்டெல்! ட்ரூடி! ப்ரூக்!

ஜெயிச்சுட்டோம்! புது வண்டி நமக்குத்தான்! இன்னிக்கு மத்தியானம் மேனேஜர் மேடை ஏறினார். கம்பெனி ஃபாக்டரி அத்தனையிலயும் குறை ரொம்பக் கம்மி கிரேட்டன்ல செஞ்ச டன்மோர்லதான்னு படிச்சார். செத்தவ முகத்துலதான் களை ஜாஸ்திடா! சத்தத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போகாதது ஆச்சரியம். மில்ட் அழுதார். இனெஸை நாலு பேர் தோள்ல தூக்கிட்டானுங்க, இறக்கிவிடுங்கடான்னு அவ போட்ட கத்தல்ல, வாயில்லாதவன்னு இத்தனை நாள் நாங்க நினைச்சது பொய்யாப் போச்சு. கேலார்ட் ஓடிப்போய் மணிக்கயித்தைப் பிடிச்சுத் தொங்கி அறுத்தே விட்டுட்டான். புதுசா ஒண்ணு அனுப்பு.

ஜூன் தேர்தல்ல ஜெயிச்சதை உனக்கு எழுதவே இல்ல. இது முடியட்டும்னுதான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்.

கடைசி டன்மோர் ஏப்ரல் இருபத்தஞ்சாம் தேதி லைன்லேர்ந்து இறங்குது. குடும்பத்தோட வரலாம்னு சொல்லியிருக்காங்க. நீ என் குடும்பம். வர்றியா?

அக்கா

ஹார்லன்
2 மார்ச் 2003

அக்கா,

லீவு கிடைச்சாச்சு. கயிறு தனிப் பார்சல்ல வருது. இந்தத் தடவை கேலார்ட் தொங்கினாலும் அறாது.

ஒரு விஷயம் கேக்கணும். எங்ககிட்ட இருக்கிறது அதே கார்தான். ட்ரூடி, அமெரிக்கக் கார் ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கிட்டுப் போகலாம், எதுக்கு வம்புங்கறா. நீ சொன்னா அப்படியே செய்யறேன். மனசார இல்ல, ஆனா செய்யறேன். ப்ரூக்குக்கு இப்போ பதினொரு வயசு. ரயில் ரோடு எந்தப் பக்கம்னு அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

வெண்டெல்

கிரேட்டன்
16 மார்ச் 2003

தம்பி,

உன் வண்டியிலயே வா.

ஹால்ல இதை வோட்டுக்கு விட்டேன். ரெண்டு மணி நேரம் சண்டை. நாற்காலி ஒண்ணு பறந்துச்சு, யார் மேலயும் படல. முடிவு என்னன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். போர்டு இருக்கும். அப்பா நட்ட கம்பத்தைப் பிடுங்கற ஆள் நான் இல்ல. வந்து அதைப் படிச்சுப் பாரு. படிச்சிட்டும் திரும்பிப் போகத் தோணினா போயிடு, நான் தடுக்க மாட்டேன்.

ப்ரூக்குக்குச் செருப்பு, ஷூ, எது வேணும்னாலும் போட்டுக்கிட்டு வரச் சொல்லு.

அக்கா

ஹார்லன்
30 ஏப்ரல் 2003

அக்கா,

வீடு வந்து சேர்ந்தோம். அங்க இருந்தப்போ கூட்டத்துல எதையும் சொல்ல முடியல. இப்போ எழுதறேன்.

ஹால் வாசல்ல வண்டியை மெதுவாக்கினேன். கம்பம் அப்படியே நின்னுச்சு. போர்டும் அப்படியே இருந்துச்சு. ப்ரூக்தான் ஜன்னல் வழியா தலையை நீட்டி உரக்கப் படிச்சா. "வெளிநாட்டு கார் இங்கே நிறுத்தக் கூடாது. மீறினால் இழுத்துச் செல்லப்படும்." அதுக்குக் கீழ புதுசா ஆணியடிச்ச ஒரு பலகை, கோணல்மாணலான எழுத்து. "வெண்டெல் வண்டி தவிர." பெயிண்ட் டப்பாவோட கேலார்ட் பக்கத்துல நின்னுக்கிட்டு, "எழுத்து எப்படி இருக்கு?"ன்னு கேட்டான். கண்றாவியா இருக்குன்னேன். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். ப்ரூக் இறங்கினா. காஞ்ச தரை, வாசப்படி பக்கத்துலயே.

அப்புறம் லைன். நீ முன்னால நின்ன, அதனால உனக்குப் பின்னாடி நடந்ததெல்லாம் தெரியாது. கடைசி வண்டி நீலமா வந்துச்சு, எல்லாரும் கையெழுத்து போட்ட எஞ்சின் மூடியோட. கேமராக்காரங்க, கோட்டுக்காரங்க, பேண்டு வாத்தியம். உன் இடத்துக்கு வர்றதுக்குள்ள மணி அடிச்சுச்சே, அப்போ கோட்டுக்காரங்க முகத்தைப் பார்த்திருக்கணும்! கடைசி வண்டியில குறையான்னு ஆளாளுக்கு ஓடினாங்க. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு கேலார்ட் நிக்கறான். "என்னப்பா தப்பு?"ன்னு மேனேஜர் கேட்டார். "ஒண்ணும் தப்பில்ல. இன்னும் கொஞ்ச நேரம் நம்மகிட்டயே நிக்கட்டும்னு தோணிச்சு"ன்னான்.

நீ அவனைப் பார்த்து நடந்து வந்த. திட்டப் போறன்னே நினைச்சேன். அத்தனை கேமராவுக்கு முன்னால, "நன்றி கேலார்ட்"ன்ன.

எல்லாரும் தொப்பியைக் கழட்டினாங்க. பேண்டுகூட நின்னுடுச்சு. அப்போதான் நீ என் சட்டையைப் பிடிச்சு வண்டி பக்கம் இழுத்து, "மூடுடா"ன்ன. மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். ஒரு காத்து போற சத்தம் இல்ல.

"நல்லா மூடுது!"ன்னு கத்தின நீ. அப்பா நம்ம ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா வெளியே சொல்லாதன்னதை, ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்ட.

தம்பி வெண்டெல்